வீட்டில் இந்தி பேசிய வாரம்

1968 ஜூலை 15, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். போர்ட் பிளேரில் அந்த நேரத்துக்கு நன்றாக விடிந்திருக்கும். திங்கட்கிழமை என்பதால் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சவரம், குளியல், இரண்டு தோசை. மழை பிடித்துக்கொண்டிருந்ததால் தோல் செருப்பைப் பைக்குள் வைத்து ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன். தேர்வுக்கான படத்தாள்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டினேன். பென்சில் இரண்டையும் சீவி வைத்தேன். வாசலைத் தாண்டும்போது என் மனைவி கோமதி உள்ளேயிருந்து கத்தினாள்.

"குடைய வச்சிட்டுப் போறீங்க பாருங்க! நனைஞ்சிட்டு வந்து தும்மினா நான் பார்க்க மாட்டேன்."

அந்த வாரத்தில் அவள் என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்தும் முன் சொன்ன கடைசி வாக்கியங்களில் அது ஒன்று. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

இதை எழுத வைத்தவர் எங்கள் அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளைஞர். பேச்சுத் தேர்வை இனி டேப் ரெக்கார்டர் வைத்து நடத்தப்போகிறார்களாம். கேள்வியை ஒரே குரலில் பதிவு செய்து எல்லாத் தீவுகளுக்கும் அனுப்பிவிடலாம், தேர்வு வைப்பவருக்கு ஆள் ஆள் வித்தியாசமே இருக்காது என்றார். "உங்க காலத்துல எப்படி சார் செஞ்சீங்க?" என்று கேட்டார். அவருக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

நான் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து எழுத்தர் வேலைக்காகக் கப்பலேறி வந்தவன். இந்தித் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறினேன். அதனாலேயே மொழிக் கற்பித்தல் பற்றிய ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கியபோது என்னைக் கள உதவியாளராகத் தூக்கிப் போட்டார்கள். சில வாரப் பயிற்சி, ஒரு சைக்ளோஸ்டைல் கையேடு, அவ்வளவுதான். மெயின்லேண்டில் அந்த ஆண்டுகளில் இந்தி என்றாலே தார் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். "நீ போய் அங்கே இந்திக்கு மார்க் போடுகிறாயாமே" என்று என் அண்ணன் கடிதத்தில் குத்தினார். அவருக்குத் தீவு புரியவில்லை. இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாங்கள் எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். குழாயடியில் இந்தி இல்லாவிட்டால் குடம் நிறையாது.

எங்கள் ஆய்வு எளிமையானது. இந்தியை இரண்டாம் மொழியாகப் படிக்கும் குழந்தைகளுக்கு அது எப்படிப் பேச வருகிறது, எந்த ஆசிரியரின் முறையில் நன்றாக வருகிறது என்று பார்ப்பது. பிரிவின் தலைவர் சன்யால் சார், வங்காளி. எங்கள் இருவருக்கும் பொது மொழி இந்தி. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில்தான் தருகிறேன், அந்த ராகத்தை மட்டும் என்னால் தர முடியவில்லை.

சன்யால் சார் ஒல்லியானவர். கதர் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருப்பார். அவர் முறையில் ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது. குழந்தையை எதிரே உட்கார வைக்க வேண்டும். படத்தைக் காட்டி "யே க்யா ஹை?", அதாவது இது என்ன, என்று கேட்க வேண்டும். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் இருமக் கூடாது, தலையாட்டக் கூடாது, புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. இந்தியில் முழு வாக்கியம் சொன்னால் இரண்டு மதிப்பெண், ஒரு வார்த்தை சொன்னால் ஒன்று. மௌனத்துக்கும் தாய்மொழிக்கும் பூஜ்யம். பயிற்சியின்போது அவரே குழந்தையாக எங்கள் முன்னால் உட்காருவார். கண்ணைக் கசக்குவார், மூக்கை உறிஞ்சுவார், எங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். சிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"முகம் தபால் பெட்டி மாதிரி இருக்கணும். யார் என்ன கடிதம் போட்டாலும் தபால் பெட்டி சிரிக்குமா? அழுமா?" என்பார்.

கடுமையானவர் என்றாலும் நியாயஸ்தர். முந்தைய ஆண்டு கார் நிக்கோபாரில் நான் தேர்வு வைத்தேன். மெயின்லேண்டில் அச்சடித்து வந்த படங்களில் ஒன்று ரயில். நிக்கோபாரிச் சிறுமி ஒருத்தி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஒரு நீளமான பள்ளிக்கூடம். இதுக்குக் கீழே சக்கரம் போட்டிருக்காங்க" என்று அழகான இந்தியில் சொன்னாள். என்ன மதிப்பெண் போடுவது என்று சன்யால் சாரிடம் கொண்டுபோனேன். தாளை இரண்டு முறை படித்தார். "வாக்கியம் சரி. ரயில்தான் தப்பான தீவுக்கு வந்திருக்கு" என்று முழு மதிப்பெண் போட்டார். அடுத்த ஆண்டு ரயிலை எடுத்துவிட்டுக் கப்பலை வைத்தார். கார் நிக்கோபார்க் குழந்தைகள் என்னிடம் வாய் ஓயாமல் இந்தி பேசியதால், அந்தப் பள்ளி ஆசிரியரைப் பற்றி அறிக்கையில் உயர்வாக எழுதினார்.

இந்த நியாயஸ்தர் குழந்தைகள் மேல் வைத்த இரக்கத்தால் 1968இல் இரண்டு விதிகளைப் புதிதாகச் சேர்த்தார். அந்நிய முகத்தைப் பார்த்துக் குழந்தை மிரளக் கூடாது, ஆகவே தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் உதவியாளர், வங்காளிக் குழந்தைக்கு வங்காளி உதவியாளர். தேர்வுக்கு முன்னால் சற்று நேரம் தாய்மொழியில் வீடு, அப்பா, அம்மா என்று விசாரித்துப் பயம் தெளிய வைக்க வேண்டும். எங்கள் எல்லாருக்கும் இது மிகவும் சரியாகப் பட்டது. பழைய விதி ஒன்றும் இருந்தது. தேர்வு முடிந்து மதிப்பெண் ஒப்படைக்கப்படும் வரை பள்ளி ஆசிரியருடன் உதவியாளர் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை நான் போனது சௌல்தாரிப் பக்கம் உள்ள ஒரு தமிழ்ப் பிரிவுப் பள்ளிக்கு. அங்கே இந்தி சொல்லித் தந்தவர் ஸ்டெல்லா டீச்சர். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீடு. கோமதிக்கு உயிர்த் தோழி. தற்காலிக நியமனம்தான், அந்த நியமனம் நீடிப்பதும் நிற்பதும் எங்கள் அறிக்கையைப் பொறுத்து அந்தச் சனிக்கிழமை முடிவாக இருந்தது. அவருடைய அப்பா படகிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தார். வேலை போனால் குடும்பத்தோடு அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டும். ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, படகும் இல்லை.

இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். விதிப்படி அவர் இடது ஜன்னலைப் பார்த்தார், நான் வலது ஜன்னலைப் பார்த்தேன். பள்ளியில் இறங்கியதும் அவர் குழந்தைகளை வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்துவிட்டுத் தாமாகவே கிணற்றடிக்குப் போய்விட்டார். நல்ல ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவள் புஷ்பம், ஐந்தாம் வகுப்பு. தமிழில் விசாரித்தேன். அப்பா மீன் வியாபாரம், வீட்டில் இரண்டு ஆடு, சின்ன ஆட்டுக்குக் கால் நொண்டி. பயம் நன்றாகத் தெளிந்துவிட்டது. குடைப் படத்தைக் காட்டினேன்.

"யே க்யா ஹை?"

"குடை சார்."

பத்து வரை எண்ணினேன். மறுபடி கேட்டேன்.

"குடைதான் சார்" என்றாள். பாவம், இவருக்குக் கண் சரியில்லை என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் படத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவன் வாயே திறக்கவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்தான். மாலைக்குள் என் தாள் முழுக்கப் பூஜ்யம். திரும்பும் பஸ்ஸிலும் அவரவர் ஜன்னல். ஆனால் குழந்தைகளிடம் விசாரித்திருப்பார் போலும், ஸ்டெல்லா டீச்சரின் கைக்குட்டை இரண்டு மூன்று முறை கண்ணுக்குப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

படத்தாள்களை அலுவலகத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"ஸ்டெல்லா பிள்ளைகளுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்றாள் கோமதி.

"அது ஆபீஸ் விஷயம்."

"பூஜ்யமா?"

நான் தபால் பெட்டியாக நின்றேன்.

"அந்த முகத்த என்கிட்டயே காட்டுறீங்களா? தெரிஞ்சுக்கிட்டே இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வந்துச்சு?"

என்ன தெரிந்துகொண்டு என்று கேட்கவிருந்தேன். அதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"கானா டக்கா ஹை. கா லீஜியே."

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சாப்பிட்டுக்கொள்ளுங்கள். கோமதி போர்ட் பிளேரில் பிறந்தவள். அவளுடைய இந்தி என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி அந்த ஆறு ஆண்டுகளில் என்னிடம் அவள் அந்த மொழியை எடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வெந்நீர் காய்ந்ததும், "பானி கரம் ஹை." அலுவலகம் கிளம்பும்போது, "சாத்தா லே லீஜியே." குடையை நீட்டியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கோபம் என்பது தெரிந்தது. ஆனால் கோபத்துக்கு எதற்கு இந்தி என்பது தெரியவில்லை. என் வேலையைக் கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மதிப்பெண்களை ஒப்படைத்தேன். பெரார்கஞ்ச் பக்கத்து வங்காளிப் பள்ளிக்குப் போய்வந்த எங்கள் வங்காளி உதவியாளன் பிமல், தன் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தான். திருப்பிப் பார்த்தேன். அங்கும் பூஜ்யங்கள்தான்.

"ரெண்டு பள்ளியிலும் டீச்சர்கள் தூங்குகிறார்கள்" என்றார் சன்யால் சார் வருத்தத்தோடு. அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்தார். அது சனிக்கிழமைக் கல்கத்தா கப்பலில் போக வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டை ஒட்டிக் கடை வைத்திருந்த பெருமாள் அண்ணாச்சியிடம் வெல்லம் வாங்கப் போனேன். திருநெல்வேலிக்காரர், தீவில் இருபது வருஷம். பொட்டலத்துக்குச் சணல் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சார், வீட்ல பெரிய சண்டையோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோமதி ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாளா வீட்டம்மா இந்தியில்லா பேசுதாவ!"

"இந்தி பேசினால் சண்டையா?"

"பின்னே? நல்லா கேட்டிய போங்க! நம்மாளு நம்மாளுகிட்ட இந்தி பேசினா என்ன அர்த்தம்? நீ யாரோ நான் யாரோன்னு அர்த்தம். ஒறவு அந்தாண்ட போயிட்டுன்னு அர்த்தம். இப்போ எனக்குப் பிடிக்காத ஒருத்தன் நம்மூர்க்காரனே வாரான்னு வைங்க. கருப்பட்டி இருக்கான்னு தமிழ்ல கேட்பான். நான் 'நஹி ஹை'ம்பேன். மறுபடி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான்." சணலைப் பல்லால் கடித்தார். "ஆனா வங்காளிகிட்டயோ தெலுங்குக்காரன்கிட்டயோ இந்தி பேசுறது வேற. அது மரியாதை. ஆமா, பத்து வருஷமா இங்க இருக்கிய, இது தெரியாதாக்கும்?"

தெரியாது. நான் அலுவலகத்தில் வெளியாரோடு இந்தி, வீட்டில் தமிழ் என்று இருந்தவன். என்னிடம் அப்படிக் கோபப்பட அதுவரை யாருக்கும் அவசியம் வரவில்லை. வெல்லத்தை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். "குட் கஹான் ஹை?" என்று வெல்லம் எங்கே எனக் கேட்டாள் கோமதி. எனக்கு அப்போது அது பரிசோதனை முடிவு மாதிரியே காதில் விழுந்தது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். மதிப்பெண் ஒப்படைத்தாகிவிட்டது, இனி டீச்சரிடம் பேசலாம். அவரிடம் நேராகவே கேட்டேன்.

"டீச்சர், திங்கட்கிழமை எதற்குக் கிணற்றடிக்குப் போனீர்கள்?"

"நான் நின்னா பிள்ளைங்க இந்தி பேசாது சார். என்கிட்டயே பேசாது! பாடத்த நான் சொல்லிக் குடுப்பேன். பேசிப் பழக வங்காளி போஸ்ட்மேன் தாதாவையோ பஸ் கண்டக்டரையோ கூப்பிட்டு உக்கார வச்சிட்டு வெளிய வந்துருவேன். அவங்ககிட்ட பொளந்து கட்டும். நான் வெளிய நின்னு யாரு தப்பு விடுறாங்கன்னு கேட்டு வச்சிக்கிட்டு மறுநாள் திருத்துவேன்."

"பிறகு ஏன் என்னிடம் பேசவில்லை?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க இந்தியிலயே ஆரம்பிச்சிருந்தாலாவது ஒருவேளை வெளி ஆபீசர்னு நெனச்சிருக்கும். ஆட்டுக்கு எந்தக் கால் நொண்டின்னு தமிழ்ல கேட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் எப்படி சார் பேசும்? புஷ்பம் சொல்றா, 'அந்த சார் நம்ம ஆளு டீச்சர், அவர்கிட்ட போயி மரியாதையில்லாம இந்தி பேசுவாங்களா'ன்னு." "உங்களுக்கு இது தெரியாதா சார்? தெரிஞ்சேதான் பூஜ்யம் போட்டீங்கன்னு கோமதிகிட்டச் சொல்லி அழுதேன்."

தீவில் பிறந்தவர்களுக்கும் வளர்ந்தவர்களுக்கும் அது காற்று மாதிரி. யாருமே சொல்லாததற்குக் காரணம், சொல்லவேண்டிய விஷயம் என்று யாருக்குமே தோன்றாததுதான்.

மதியம் சன்யால் சாரின் அறைக்குப் போனேன். அறிக்கை தட்டச்சாகி, நாடா கட்டி, மேஜையில் இருந்தது. முறையைப் பற்றிக் குறை சொன்னால் அவர் முறையாகவே மறுப்பார். ஆகவே முறையை விட்டுவிட்டு அவர் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"சார், வீட்டில் மேடத்திடம் இந்தியில் பேசுவீர்களா?"

"என் மனைவியிடமா? இந்தியிலா?" அவர் பதறிப்போனார். "ஏன், அவள் என்ன தப்பு செய்தாள்?"

நான் அசையாமல் நின்றேன். முகத்தை அவர் பழக்கியபடியே வைத்துக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"கார் நிக்கோபாரில் உங்களிடம் பேசினார்கள்" என்றார் மெதுவாக.

"எனக்கு நிக்கோபாரி தெரியாது சார்."

"பிமலிடம் வங்காளிக் குழந்தைகள் பேசவில்லை."

"பிமல் முதலில் அவர்கள் பாட்டியைப் பற்றி வங்காளியில் விசாரித்திருக்கிறான்."

"என் விதிப்படி" என்றார் அவர். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கியதும் பழைய சன்யால் சாராகிவிட்டார். "ஆனால் உங்கள் பேச்சு ஆதாரம் ஆகாது. நாளைக்கு மறுதேர்வு. படங்களும் கேள்வியும் அப்படியே இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்றுவோம். பிமல் அங்கே போகட்டும். நீங்களும் கூடப் போய் இடத்தைக் காட்டுங்கள், ஆனால் குழந்தைகள் கண்ணில் படக் கூடாது. நாளையும் பூஜ்யம் வந்தால் இந்த அறிக்கை இப்படியே கப்பலேறும்."

வெள்ளிக்கிழமை மழை ஊற்றியது. பிமல் குடை கொண்டுவரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வகுப்பறைக்குள் போனான். நானும் ஸ்டெல்லா டீச்சரும் மூங்கில் தட்டிக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றோம். டீச்சர் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தார், உருட்டவில்லை. புஷ்பத்தைக் கூப்பிட்டது கேட்டது.

"யே க்யா ஹை?" என்றான் பிமல்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நானும் எண்ணினேன். கூரைத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

பிறகு புஷ்பத்தின் குரல் எழுந்தது. "யே சாத்தா ஹை." ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. இது குடை, ஆனால் நல்ல குடை இல்லை, ஒரு கம்பி வளைந்திருக்கிறது. உங்களிடம் குடை கிடையாதா? இப்படி நனைந்துவிட்டீர்களே, காய்ச்சல் வருமே. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் ஓடிப்போய் எடுத்துவரட்டுமா? எல்லாம் தங்குதடையில்லாத தீவு இந்தி. பிமல் சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவது போல நடித்தான். தேர்வாளரைக் குழந்தை கேள்வி கேட்டால் எத்தனை மதிப்பெண் என்பதற்கு எங்கள் கையேட்டில் இடமே இல்லை.

ஸ்டெல்லா டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "'நஹி'ய இன்னும் அமுக்கிச் சொல்றா சார். திங்கக்கிழமை திருத்தணும்" என்றார்.

திங்கட்கிழமை என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைத் தானே கேட்டவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "நான் இருப்பேன்ல சார்?"

"தாளைப் பிமல்தான் வைத்திருக்கிறான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

நான்கு மணிக்குப் பிமலின் தாளைச் சன்யால் சார் வரி வரியாகப் பார்த்தார். நாடாவை அவிழ்த்தார். அடிக்கோலை வைத்துத் தன்னுடைய இரண்டு புதிய விதிகளையும் நேர்கோடு போட்டு அடித்தார். பெரார்கஞ்ச் பள்ளிக்கு மறுதேர்வு வைக்கும்வரை அறிக்கை போகாது, கப்பல் போகட்டும் என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, மழையில் தானே நடந்து கல்வி அதிகாரியின் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கால்சட்டை முழங்கால் வரை சேறு.

"உங்கள் டீச்சர் இருக்கிறார்" என்றார். "நீங்கள் சொன்ன அந்த போஸ்ட்மேன் முறையை விவரமாக எழுதிக் கொடுங்கள். அதுதான் உண்மையான அறிக்கை."

வீட்டுக்குப் போகும் வழியில் கடைசி வீட்டில் நின்று செய்தியைச் சொன்னேன். படுத்திருந்த பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய் வேகமாக வெளியே வந்துவிட்டேன். வீட்டில் கோமதியிடமும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னதையும், எனக்கு முன்னால் அது தெரியாது என்பதையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அச்சா" என்றாள். முறத்தை வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, கடைசி வீட்டுக்கு நடந்தாள். நான் சொன்னதை அங்கே சரிபார்த்துக்கொள்ளத்தான் போகிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது. என் வீட்டிலும் ஒரு சன்யால் சார் இருந்தார்.

ஜூலை 20, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். சவரத்துக்குக்கூடப் போகவில்லை, கட்டிலிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது.

"காப்பி ஆறுது, வந்து குடிங்க" என்றாள் கோமதி. "அண்ணாச்சி கடையில வெல்லத்துக்குக் காச குடுத்துட்டு வெல்லத்த அங்கேயே வச்சிட்டு வந்தீங்களாமே. முதல்ல அத வாங்கிட்டு வாங்க. குடைய எடுத்துக்கிட்டுப் போங்க."